நீலம் போன வழி

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பின்பாதி பொய் என்பதால் முன்பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் என் கொழுந்தனும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் வீட்டுக்காரரை, உன் மூத்தாரைத்தான் உனக்குத் தெரியுமே. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். தெருவே கேட்கும். இது தெரு கேட்க வேண்டிய சமாச்சாரம் இல்லை. அவருக்கே இன்னும் சொல்லவில்லை.

வலது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது தட்டுப்பட்டது. பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிது. மற்றவர்களை ஏமாற்றலாம், பல் செட்டில் மயிரிழை தூக்கல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற என் விரலை ஏமாற்ற முடியாது. மெழுகுக்குள் கல் சிக்கிக்கொண்டது போல அசையாமல் இருந்தது. இங்குள்ள டாக்டரிடம் போனேன். ஊசியால் சதை எடுத்துப் பார்த்து, அதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"சின்னக் கட்டிதாம்மா, சீக்கிரமே வந்துட்டீங்க" என்றார் டாக்டர். "கட்டிய எடுத்துடலாம். அதோட அக்குள்ல இருக்கிற நெறிக்கட்டி அத்தனையும் வழிச்சு எடுத்துடுவோம். பரவியிருக்கான்னு தெரியணும்ல."

"எடுத்தா கை என்ன ஆகும்?"

"சில பேருக்கு வீங்கும். தோள் இறுகிக்கும், மரத்துப் போகும். எல்லாருக்கும் ஆகாது. உயிர்தானே முக்கியம்?"

உயிர் முக்கியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அவர் சொன்னது வலது கை. மூன்று பல் டாக்டர்கள் பல் செட் செய்ய எனக்கு அச்சு அனுப்புகிறார்கள். இந்த ஊரில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். மாமியாருக்கே பல் செய்து மாட்டிவிட்டு, அந்தப் பல்லாலேயே திட்டு வாங்கியவள் நான். அந்தக் கை வீங்கித் தொங்கினால் நான் உயிரோடு இருந்து என்ன செய்வேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதற்காகப் பயமாகவும் இருந்தது.

நீ ஆஸ்பத்திரி லேபில் சதைத் துண்டுகளோடு புழங்குகிறவள். உண்மையைச் சொல். பூசி மெழுகாதே, மெழுகு வேலை எனக்குத்தான்.

உன் அக்கா

ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறேன். உங்கள் கொழுந்தனுக்கு வழக்கமான சளி, மற்றபடி இருவரும் நலம். அழுது முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதில் அழுகை இருக்காது.

அக்குளை முழுதாக வழிக்கச் சம்மதிக்காதீர்கள். இங்கே வேறு வழி இருக்கிறது. நான் தினமும் பார்க்கிற வழி.

கட்டி இருக்கிற பக்கத்தில் ஒரு நீல மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். நோய் கிளம்பினால் எந்தப் பாதையில் போகுமோ, அதே பாதையில் நீலமும் போகும். அக்குளில் அது முதலில் சேருகிற நெறிக்கட்டி ஒன்றோ இரண்டோதான் நீலமாகும். வீட்டு வாசல் மாதிரி அது. அதை மட்டும் எடுத்து, ஆபரேஷன் தியேட்டருக்கும் எங்கள் லேபுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். நாங்கள் உடனே உறைய வைத்து, காகிதத்தைவிட மெலிதாகச் சீவி, சாயம் தோய்த்துக் கொடுப்போம். எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு மைக்கில் தியேட்டருக்குச் சொல்வார். வாசலுக்கு நோய் வரவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளேயும் வந்திருக்காது. மிச்சத்தைத் தொடமாட்டார்கள். நீங்கள் கண் விழிக்கும்போது கை உங்களுடையதாகவே இருக்கும்.

இந்த வேலைக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்த ஜன்னலில் நீலம் வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, அக்கா. இருட்டுக்குள் தானாக வழி கண்டுபிடித்துப் போய், இதோ இதுதான் என்று காட்டிக்கொடுக்கிறதே என்று.

இங்கே ஒரு குள்ள டாக்டரம்மா இருக்கிறார். மேஜை எட்டாது, பலகை போட்டு ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். பலகை டாக்டர் என்றுதான் சொல்வோம். அவரிடம் உங்களைக் காட்ட வேண்டும். எப்போது வருகிறீர்கள்?

உங்கள் சின்னவள்

பிப்ரவரி 8

சின்னவளுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். கொழுந்தனின் சளி போயிருக்கும்.

நீலம் பற்றி எழுதியதைப் படித்தேன். யோசிக்கிறேன். இங்கே வேலை கழுத்துவரை. கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலிக்கு மேல்வரிசையும் கீழ்வரிசையும் புதிதாகச் செய்கிறேன். நல்ல தொண்டை, பல்தான் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மேஜையில் மெழுகு கொட்டிவிட்டது, மடியில் வைத்து எழுதுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. கோபத்தில் இருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம், அதில் யாரோ டவாலியின் பல். அந்த எழுத்தோ கோழி கிளறிய குப்பை. உங்கள் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். கல்யாணமான புதிதில் நீங்கள் எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டை நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன், தெரியுமா? மடியில் வைத்து எழுதினால் இப்படி ஆகாது. கை வலிக்கிறதா? அக்குளில் ஏதாவது தட்டுப்படுகிறதா? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று ஊரே காத்திருந்தது. நாம் அவர்களை ஏமாற்றினோம். இப்போது நீங்கள் வரவில்லை என்றால் நானே அங்கு வந்து, தெருவில் நின்று, ஊர் ஆசைப்பட்ட அந்தச் சண்டையைப் போடுவேன்.

உங்கள் சின்னவள்

பிப்ரவரி 22

என் அருமைச் சின்னவளுக்கு,

உன் கோபம் வந்து சேர்ந்தது. நல்ல ஆரோக்கியமான கோபம், அதனால் நீ நலம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் வலது கைக்கு ஒன்றுமில்லை. அந்தக் கடிதத்தை இடது கையால் எழுதினேன்.

உன் நீலத்தை நான் நம்பவில்லை, அதுதான் விஷயம். வாசலில் நோய் நிற்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டால் முழுதாக வழிக்கத்தானே செய்வார்கள்? மயக்கத்தில் கிடக்கும்போது என் கையின் கதையை யாரோ முடிவு செய்வார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் முதலில் இடது கையைப் பழக்கிவிடுவோம், கெட்டதற்குத் தயாராகிவிட்டு அப்புறம் போவோம் என்று முடிவு செய்தேன். நாள் தள்ளுகிறோம் என்பது எனக்கே உறைக்கவில்லை.

டவாலியின் பல் செட்டை முழுக்க இடது கையால் செதுக்கினேன். பார்வைக்குக் குறையில்லை. மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய், "ஆஜர்" என்று கத்தியிருக்கிறார், பல்லிடுக்கில் விசில் பறந்திருக்கிறது. மாஜிஸ்திரேட் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாராம். மனுஷன் நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார். "ஏம்மா, முப்பது வருஷமா பேர் கூப்பிடுறேன், குற்றவாளிகூட என்னப் பார்த்துச் சிரிச்சதில்ல" என்றார். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டேன். பாவம், பல்லுக்காக அழுகிறேன் என்று நினைத்து, "பரவால்லம்மா, மெதுவா செஞ்சு குடுங்க" என்று என்னைத் தேற்றிவிட்டுப் போனார்.

அன்று மாலை உன் மூத்தாரிடம் சொன்னேன். நான் இடது கையால் பல் தேய்ப்பதைச் சில நாளாகவே கவனித்திருக்கிறார். கேட்கப் பயந்து இருந்திருக்கிறார். கேட்டு முடித்ததும் போனை எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பீக்கரை அணைத்து, காதோடு வைத்து, குரலைத் தாழ்த்தி உன் ஆஸ்பத்திரிக்குப் பேசி, தேதி வாங்கினார். அந்த மெல்லிய குரலைக் கேட்டபோதுதான் எனக்கு நோய் வந்திருக்கிறது என்பதே உறைத்தது.

வருகிறோம். இது வலது கை எழுத்து, பார்த்துக்கொள்.

உன் அக்கா

மார்ச் 27

என் அருமைச் சின்னவளுக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னால் நீ அடிக்க வருவாய், அதனால் சொல்லவில்லை. கொழுந்தனிடம் சொல், அவர் போட்ட டீ டீயே இல்லை என்று.

நேரில் சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது பலகை டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். நான் கேட்டேன், "டாக்டர், உங்க கையக் கொஞ்சம் காட்டுங்க." பக்கத்தில் இருந்த நர்ஸ் முறைத்தாள். அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் இரண்டு கையையும் நீட்டினார். சின்னக் கை. நடுக்கம் இல்லை. என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கத்தி பிடிச்ச காய்ப்பு" என்றார். "மெழுகா, பிளாஸ்டரா?" அவ்வளவுதான், எனக்குப் பயம் போய்விட்டது. என் தொழில் தெரிந்தவர் என் தோளுக்குள் போகிறார், போகட்டும் என்று கண்ணை மூடினேன்.

விழித்ததும் முதலில் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். நான்கும் பதில் சொன்னது. நர்ஸ் குனிந்து, "ரெண்டே ரெண்டுதான் எடுத்தாங்கக்கா. சுத்தம்னு மைக்ல சொன்னாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து பாத்ரூம் போனால் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போகிறது. உன் மூத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷன் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். மார்பிலும் ஒரு நீலத் திட்டு இன்னும் இருக்கிறது. குளிக்கும்போது அதைப் பார்க்கிறேன். ஒரு மருந்துக்குத் தெரிந்திருக்கிறது, என் உடம்புக்குள் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று. ஐம்பது வருடமாக இதற்குள் குடியிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

சொந்தக்காரரின் சதைத் துண்டைத் தொடக்கூடாது என்ற விதியால் நீ அன்று லேபுக்கு வெளியே நின்றாயாமே. உன் தோழி சொன்னாள். கதவில் கை வைத்துக்கொண்டே நின்றாயாம்.

அந்த இரண்டு நெறிக்கட்டியையும் மெழுகில் வைத்து நிதானமாகப் பார்த்த பிறகுதான் முழு முடிவு என்றாய். வந்ததும் எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். உங்கள் தையல் ஆறிக்கொண்டு வரும். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகி, உங்கள் கொழுந்தன் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கி, இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. லேபில் மெழுகு உருக்கும் பெட்டியை மாற்றிவிட்டார்கள், புதிது இன்னும் கைக்கு வரவில்லை. கீழ்வீட்டில் ஒரு குழந்தை நடக்கப் பழகுகிறது, நாளெல்லாம் தொப் தொப் என்று விழுகிற சத்தம்.

கைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். சுவரில் விரலால் ஏறிப் போகச் சொன்னார்களே, அதைத் தினமும் செய்யுங்கள். கனமான எதையும் தூக்க வேண்டாம். நன்றாகச் சாப்பிடுங்கள். நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள் சின்னவள்

ஏப்ரல் 17

சின்னவளே,

நலம் நலமறிய எல்லாம் இருக்கட்டும்.

பல் செட் பொருந்தவில்லை என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். அப்புறம் குழந்தைகள். அதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். உன் கடிதத்தில் வெயில், குழாய், பெட்டி, குழந்தை எல்லாம் இருக்கிறது. ரிப்போர்ட் இல்லை.

நீ நல்லவள், ஆனால் கெட்டிக்காரப் பொய்க்காரி இல்லை. சொல்லிவிடு. மறுபடியும் இடது கையில் மெழுகுக் கத்தியை எடுத்துவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 22

என் அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒன்று. கத்தியைக் கீழே வையுங்கள். இடது கைக்கு வேலை இல்லை. இதைப் படித்த பிறகு மிச்சத்தைப் படியுங்கள்.

அன்று உறைய வைத்துச் சீவியதில் எதுவும் தெரியவில்லை, உண்மை. பிறகு மெழுகில் வைத்து அடுக்கடுக்காகச் சீவிப் பார்த்ததில் ஒரு நெறிக்கட்டியின் ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தது. கடுகில் பாதிகூட இல்லை. என் தோழிதான் அதைச் சீவினாள். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே பேச்சை நிறுத்தியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பலகை டாக்டர் சொல்லாமல் லேபில் இருக்கிறவர்கள் வெளியே வாய் திறக்கக் கூடாது. அதனால் குழாயைப் பற்றி எழுதினேன். விதி ஒரு காரணம். பயம் இன்னொன்று. மறுபடி திறந்து முழுதாக வழிக்கப் போகிறார்கள், நான்தான் உங்களை இங்கே இழுத்துவந்து நம்ப வைத்தேன் என்று தூக்கமே இல்லை.

நேற்று எல்லா டாக்டர்களும் உட்கார்ந்து உங்கள் விஷயத்தைப் பேசினார்கள். முடிந்து வெளியே வந்த பலகை டாக்டர் என்னைப் பார்த்ததும் நின்றார். "உங்க அக்காவுக்கு அக்குள்ல இனிமே ஆபரேஷன் கெடையாது. கதிர்வீச்சும் மாத்திரையும் போதும். நானே போன் பண்றேன். நீங்களும் எழுதலாம்."

"புள்ளி இருக்கே டாக்டர்?"

"இருக்கு. முன்னாடியா இருந்தா எல்லாத்தையும் எடுத்திருப்போம். எடுக்காம விட்டாலும் அதே அளவு நல்லா இருக்காங்கன்னு இப்பத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவர் என்னைப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு சொன்னார், பல வருடங்களுக்கு முன் பல ஊர்களில் உங்களைப் போலவே புள்ளி இருந்த பெண்களிடம் டாக்டர்கள் கேட்டார்களாம். எது சரி என்று எங்களுக்குத் தெரியவில்லை, குலுக்கலில் பாதிப் பேருக்கு எடுப்போம், பாதிப் பேருக்கு விட்டுவிடுவோம், சம்மதமா என்று. அந்தப் பெண்கள் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விட்டுவைத்தால் செத்துப்போவோமா என்பது அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் வருடக்கணக்காக வந்து வந்து தங்களைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் நீலத்தைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன், அக்கா. அதைவிடப் பெரியது இது என்று நேற்றுத்தான் தெரிந்தது. லேபுக்குத் திரும்பிப் போய் நெடுநேரம் வேலை ஓடவில்லை. உங்கள் கையை விட்டுவைத்தது கத்தி இல்லை, மருந்து இல்லை. முன்பின் தெரியாத பெண்கள்.

உங்கள் சின்னவள்

ஜூன் 3

என் அருமைச் சின்னவளுக்கு,

உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்தபடி இங்கே பக்கத்து ஊரில் எடுக்கிற கதிர்வீச்சு முடிகிற கட்டம். தோல் கருத்திருக்கிறது, கொஞ்சம் அசதி, மற்றபடி சாப்பாடு இறங்குகிறது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும், அந்தக் குழாய் உட்பட.

உன் ஏப்ரல் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. முன்பின் தெரியாத பெண்கள் என்று எழுதினாயே, அது என்னை விடவில்லை. அவர்களில் ஒருத்தி தையல்காரியாக இருந்திருக்கலாம். ஒருத்தி டைப்பிஸ்ட். கையைப் பறிகொடுக்க அவளுக்கும் மனம் வந்திருக்காது. ஆனாலும் குலுக்கலுக்குக் கையை நீட்டியிருக்கிறாள்.

இப்போது உன்னிடம் மறைத்த ஒன்று. நீ திட்டுவாய், திட்டு.

போன மாதம் காட்டிக்கொள்ள வந்தபோது, நீ லேபில் இருந்த நேரத்தில், ஒரு இளம் டாக்டர் என்னிடம் வந்தார். என்னைப் போன்றவர்களுக்கு அக்குள்வரை கதிர்வீச்சு தேவையா, மார்புக்கு மட்டும் போதுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாதாம். அதுவும் சிலருக்குக் கையை வீங்க வைக்கிறதாம். கம்ப்யூட்டர் குலுக்கும், பாதிப் பேருக்கு அக்குள்வரை கொடுப்போம், பாதிப் பேருக்குக் கொடுக்க மாட்டோம் என்றார். "உங்களுக்கு இதுல பிரயோஜனம் எதுவும் இல்லாமப் போகலாம்மா. எப்ப வேணாலும் விலகிக்கலாம். வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லுங்க" என்றார், பயந்துகொண்டே.

வெளியே உன் மூத்தார் உட்கார்ந்திருந்தார். போய்ச் சொன்னேன். அவர் மடியிலிருந்த என் ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "ஒனக்குச் சரின்னா சரி. பயமா இருக்கு, ஆனா சரி" என்றார். உள்ளே போனேன். "எனக்கு வரவேண்டிய பிரயோஜனம் முன்னாடியே வந்துடுச்சு, பேனாவக் குடுங்க" என்றேன். அன்று மதியம் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடும்போது வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். நீ அந்தப் புள்ளியால் தூக்கம் கெட்டவள், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய். உன்மேல் பிழை இல்லை.

எனக்கு விழுந்தது மார்புக்கு மட்டும். சரியாகத்தான் இருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. பயம் இல்லை என்றால் பொய். இனி வருடா வருடம் வந்து கையை அளக்கக் கொடுத்துவிட்டுப் போவேன். என் பெயர்கூட அங்கே இருக்காது, ஒரு எண்தான்.

நேற்று டவாலி வந்திருந்தார். புதுப் பல் செட், முழுக்க வலது கை வேலை. மாட்டிவிட்டு, "கோர்ட்ல கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டுப் பாருங்க, விசில் வருதான்னு பார்ப்போம்" என்றேன்.

"யார் பேர்ம்மா கூப்பிடறது?"

சொல்ல ஒரு பெயர்கூட எனக்குத் தெரியவில்லை, சின்னவளே. "பேர் தெரியாதுங்க. எனக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டவங்கன்னு கூப்பிடுங்க" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து, சட்டையைச் சரிசெய்து, வாசலைப் பார்த்து நின்று, கோர்ட் வழக்கப்படி மூன்று முறை கூப்பிட்டார். விசில் இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உன் மூத்தார் உள்ளேயிருந்து என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்.

தெருவில் யாரும் வரவில்லை. நான்தான் கையிலிருந்த கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

உன் அக்கா